மூன்று வேண்டாம்

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் அவளுடைய முழங்கால் வலியும் ஆக மூன்று பேர் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வாலுவும் சுகந்தானே? வாலுவுக்கு முன்பல் முளைத்துவிட்டதா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லாண்டரிக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருக்கிறது. இறங்கிய இடம் என் மேஜை. என் டீ கிளாஸை வைக்க இப்போது இடமில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். காலை ஆறரைக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, எண்பத்தாறு பேரை ஏழு இடத்துக்குப் பிரித்து விடுவது. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் அழுக்குத் துணியைத் தரம் பிரிக்கச் சிலர், துவைக்கச் சிலர், சுருக்கம் போகச் சூட்டு ரோலரில் விரிப்பு கொடுக்கச் சிலர், மடிக்கச் சிலர். பதினெட்டு வருஷமாக இதை ஒரு பெரிய அட்டையிலும் என் தலையிலும் வைத்து ஓட்டுகிறேன். அட்டையில் பெயர் மட்டும் இருக்கும். பக்கத்தில் பென்சிலால் நான் வைத்திருக்கும் புள்ளிகளுக்கு அர்த்தம் எனக்குத்தான் தெரியும். இந்த அம்மாளுக்குப் பஞ்சுத் தூசி ஆகாது. அந்த ஆளுக்கு மூட்டுத் தேய்மானம், ஈரத்தில் நிறுத்தக்கூடாது. இந்த இரண்டு பேரும் சம்பந்திகள், ஒரே மேஜையில் போட்டால் துணி கிழியும்.

மானேஜர் கூப்பிட்டு, "மார்ச் முடியறதுக்குள்ள பட்டியல் இந்தப் பெட்டியில இருந்து வரணும். இல்லேன்னா இது தெரிஞ்ச ஆள் யாரையாவது உட்கார வைக்கிற மாதிரி ஆயிடும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. வருத்தமாகச் சொன்னார். அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஐந்தில் வளையாதது ஐம்பத்திரண்டில் வளையுமா? நீ ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறவள். உடன்பிறந்த பாவத்துக்கு எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடு. போனில் கேட்கலாம் என்றால் பக்கத்து வீட்டு ஹாலில் நின்று கேட்க வேண்டும். மானம் போய்விடும். கடிதத்தில் எழுது.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்

*

ஜனவரி 17

என் அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வாலுவுக்கு ஒரு பல் முளைத்து இன்னொன்று விழுந்துவிட்டது, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அண்ணியின் முழங்காலுக்கு மாடிப்படி கூடாது என்று சொல். கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்.

ஐம்பத்திரண்டு ஒரு வயசா? போன மாதம் என் வகுப்பில் ரிடயர் ஆன தபால்காரர் ஒருவர் சேர்ந்தார். மவுஸைக் கையில் கொடுத்ததும் காதில் வைத்து "ஹலோ" என்றார். நீ அவரைவிட மோசமாகப் போக முடியாது.

முதல் பாடம். திரையில் தெரிவது உன் அட்டைதான், கோடு போட்டு வருகிறது, அவ்வளவு வித்தியாசம். மேலிருந்து கீழே போவது பத்தி. இடமிருந்து வலம் போவது வரி. ஒரு ஆளுக்கு ஒரு வரி. முதல் பத்தியில் பெயர். ஒரு கட்டத்தில் ஒரு விஷயம்தான். இரண்டு விஷயத்தை ஒரே கட்டத்தில் திணித்தால் உன் சம்பந்திகள் கதைதான்.

இரண்டாவது பத்தி முக்கியம். உன் பென்சில் புள்ளிகளை அதில் இறக்கி வை. "எங்கே வேண்டாம்" என்று தலைப்புப் போடு. நீ ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அந்த எண்பத்தாறு பேர் கதி என்ன? எல்லாவற்றையும் தலையிலேயே வைத்திருப்பது கெட்டிக்காரத்தனம் இல்லை அண்ணா, பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தால்தான் ஆறு வருஷமாக நீ என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. லீவு கேட்டால் "நான் இல்லாட்டி யாரு பிரிச்சு விடுவாங்க" என்பாய். இனி பட்டியல் பிரித்து விடும். நீ வா.

முதலில் காகிதத்தில் கட்டம் போட்டு எழுதிப் பார். பிறகு அடி. ஒவ்வொரு பத்து பேருக்கும் ஒருமுறை சேமித்து வை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

*

பிப்ரவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, பரீட்சையில் காப்பியடிக்கிற மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்கிறேன்.

எண்பத்தாறு பெயரை அடிக்கப் பதினோரு நாள். முதல் நாள் முழுக்க அடித்து, சேமிக்காமல் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை வெறும் கட்டம். ஒரு ஆளும் வேலைக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இதை உன் தபால்காரரிடம் சொல்லாதே.

இரண்டாவது பத்தியும் போட்டுவிட்டேன். ஏழு இடத்துக்கும் நம்பர் கொடுத்திருக்கிறேன். ஒன்று அழுக்குத் துணி, இரண்டு துவைப்பது, மூன்று சூட்டு ரோலர், இப்படிப் போய் ஏழு மடிப்பு மேஜை. தூசி ஆகாத அம்மாளுக்கு "1 வேண்டாம்". மூட்டு வலிக்காரருக்கு "2 வேண்டாம்". காரணம் எழுதவில்லை. நம்பர் மட்டும்தான்.

காரணம் எழுதாததற்கு ஒரு காரணம் உண்டு. உன்னோடு இருக்கட்டும். மடிப்பு மேஜையில் ஒருவன் இருக்கிறான், நாங்கள் விசில் என்று கூப்பிடுவோம். வேலை நேரம் பூராவும் வாயில் ஏதாவது ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அவன் கைக்கு ஈடாக இங்கே மடிக்க ஆள் கிடையாது. விரிப்பை உதறினால் காற்றிலேயே பாதி மடிந்துவிடும். பதினோரு வருஷத்துக்கு முன் பாய்லருக்குப் பின்னால் அவனுக்கு வலிப்பு வந்து விழுந்து கிடந்ததை நான் ஒருவன்தான் பார்த்தேன். "வெளிய தெரிஞ்சா வேலை போயிடும், ரெண்டு பொண்ணு இருக்கு" என்று காலைப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. ரோலர் பக்கம் அவனை நான் விட்டதே இல்லை. உருளையில் கொதிக்கிற சூடு, துணியைக் கொடுக்கும்போது ஒரு நிமிஷம் நினைவு தப்பினாலும் கையை உள்ளே இழுத்துவிடும்.

இப்போது அந்தப் புள்ளி "3 வேண்டாம்" ஆகிவிட்டது. திரையில் அதைப் பார்த்தபோது தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நீ சொன்னது சரிதான்.

வாலுவுக்கு முத்தம். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்

*

பிப்ரவரி 26

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே என்று நம்பி அவசரமாக எழுதுகிறேன். போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. பரீட்சை நேரம் என்று தெரியும்.

மானேஜர் பட்டியலைப் பார்த்தார். கடைசி வரி வரை விரலை ஓட்டினார். பிறகு, "பரவாயில்லையே, இனிமே நீங்க இல்லாட்டியும் நடக்கும்போல" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே லீவு கேட்டுவிட்டேன். கொடுத்துவிட்டார். மார்ச் 12 வியாழன் முதல் ஞாயிறு வரை. நானும் அண்ணியும் வருகிறோம். அந்த நாலு நாளும் உதவி சூப்பர்வைசர் பட்டியலைப் பார்த்து ஆளைப் பிரித்து விடுவான்.

ஒரே ஒரு குறை சொன்னார். அவரவர் வேலைக்குச் சேர்ந்த வரிசையில் பெயர்களை அடித்திருக்கிறேன். அகரவரிசையில் வேண்டுமாம், உதவியாளுக்குத் தேட வசதியாக இருக்குமாம். திரும்ப எண்பத்தாறையும் அடிக்க என் விரலில் தெம்பில்லை. ஏதாவது வழி இருக்கிறதா? 12க்குள் தெரிய வேண்டும். இல்லையென்றால் லீவு அந்தரத்தில் தொங்கும்.

வாலுவுக்கு என்ன வாங்கி வரட்டும்?

அண்ணன்

*

மார்ச் 4

அண்ணாவுக்கு,

நீ வருகிறாய் என்று படித்ததும் மற்ற வரிகள் கண்ணில் படவில்லை. பிறகு மறுபடி படித்தேன்.

இரண்டு வரிதான் எழுத முடியும். வாலுவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இப்போது இறங்கிவிட்டது, பயப்படாதே. பரீட்சை பேட்ச் வாசலில் நிற்கிறது.

வழி இருக்கிறது, திரும்ப அடிக்க வேண்டாம். பெயர்ப் பத்தியில் முதல் பெயரை அழுத்திப் பிடித்து, கடைசிப் பெயர் வரை மவுஸை இழு. கறுப்பாகும். மேலே மெனுவில் வரிசைப்படுத்து என்பது இருக்கும், ஏறுவரிசை கேள், சரி என்று அழுத்து. ஒரு நொடியில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அவ்வளவுதான்.

வாலுவுக்கு வண்ணப் பென்சில் போதும். நீ வா, அது போதும்.

தங்கை

*

மார்ச் 10

அன்புள்ள தங்கைக்கு,

நலம் விசாரிக்கவே வேண்டாம், இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நானே நேரில் வந்து விசாரித்திருப்பேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இன்று மத்தியானம் நீ சொன்னபடியே, ஒரு வார்த்தை பிசகாமல் செய்தேன். இழுத்தேன், கறுப்பாயிற்று. வரிசைப்படுத்து. சரி. கண்ணை மூடித் திறப்பதற்குள் எண்பத்தாறு பேரும் அகரவரிசையில் நிற்கிறார்கள். பதினெட்டு வருஷத்தில் அவர்கள் இவ்வளவு ஒழுங்காக நின்று நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தேன், ஒரு எழுத்துத் தப்பில்லை. பிரிண்ட் எடுத்துச் சுவரில் மாட்டியாயிற்று. பழைய அட்டையைச் சுருட்டி பீரோ மேல் போட்டுவிட்டேன்.

விசில் வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க பென்சிலுக்கும் ரிடயர்மெண்ட்டா" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

வியாழன் காலை வண்டி. சாயங்காலம் பார்க்கலாம்.

அண்ணன்

*

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீயும் அண்ணியும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. போய் மூன்று வாரம் ஆகிறது. ஒரு வரி இல்லை.

நீ இருந்த நாலு நாளை நாங்கள் இன்னும் பேசித் தீர்க்கவில்லை. வாலு உன் செருப்புச் சத்தத்தை நடித்துக் காட்டுகிறாள். வெள்ளிக்கிழமை காலை நீ என் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து, எண்பத்தாறு பேரை ஒரு நொடியில் நிற்க வைத்த கதையைச் சொன்னாயே, அதை மாணவிகள் இன்னும் கேட்கிறார்கள். என் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை, எல்லாம் நீயே கண்டுபிடித்த மாதிரி அளந்தாய். தபால்காரர் எழுந்து நின்று கை தட்டினார். பத்தரை மணி டீ கூட அன்றைக்கு ஆறிப்போயிற்று.

ஏதாவது மனசில் பட்டுவிட்டதா? இவர் சீட்டாட்டத்தில் உன்னைக் கேலி செய்தது உறைத்துவிட்டதா? அவருக்கு வாய்தான் நீளம், மனசில் ஒன்றும் இல்லை.

எழுது அண்ணா.

தங்கை

*

ஏப்ரல் 30

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

இது இரண்டாவது கடிதம். கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது. அண்ணியாவது ஒரு கார்டு போடக்கூடாதா? அண்ணன் வீடு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வேறு வீடு இல்லை.

தங்கை

*

மே 14

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

கோபம் எதுவும் இல்லை. மாப்பிள்ளை தங்கமானவர். வேலை கொஞ்சம் அதிகம், அதனால் எழுத முடியவில்லை. இப்போது என்னை அழுக்குத் துணி எண்ணி வாங்கும் இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். நானே கேட்டுத்தான் மாற்றிக்கொண்டேன். திரையைப் பார்த்தால் கண் எரிகிறது. கம்ப்யூட்டரில் வேறு ஒரு பெண் உட்காருகிறாள், நல்ல பெண்.

வாலு நன்றாகப் படிக்கட்டும்.

அண்ணன்

*

ஜூன் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதிக்கொண்டது. என் முழங்கால் இருந்தபடி இருக்கிறது. குழந்தையும் நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும். உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பதிலை அடுத்த வீட்டு விலாசத்துக்குப் போடு.

நாங்கள் உன் வீட்டில் இருந்தபோது இங்கே லாண்டரியில் ஒரு விபத்து நடந்துவிட்டது. விசில் என்று ஒரு ஆள். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ரோலரில் நின்றபோது வலிப்பு வந்து, வலது கை உள்ளே போய்விட்டது. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். அவனை ரோலரில் போடவே கூடாதாம். உன் அண்ணன் செய்து வைத்த பேப்பரில் ஏதோ வரி மாறிப் போயிருந்ததாம். பெயர் ஒன்று, பக்கத்தில் இருந்தது வேறு ஒருவருக்கு உள்ளது என்றார்கள். எனக்கு அது புரியவில்லை. விசாரணையில் யார் எப்படிச் செய்தது என்று கேட்டதற்கு இவர், "என் தப்பு, வேற யாருக்கும் சம்பந்தமில்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் வீட்டுக்குப் போகிறார். வந்ததும் குளிக்காமல் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். உன் கடிதம் வந்தால் படிக்கிறார், மடிக்கிறார், மறுபடி படிக்கிறார். பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறார். நீ ஏதாவது சொன்னால் கேட்பார். நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

உன் அண்ணி

*

ஜூன் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையாகக் கேட்கிறேன், உண்மையாகச் சொல்.

அண்ணி எழுதினார்கள். அவர்களைக் கோபிக்காதே. எனக்குத் தெரிய வேண்டியது, மூன்று மாதம் தாமதமாகத் தெரிந்திருக்கிறது.

"பேப்பரில் வரி மாறிப் போயிருந்தது" என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்றைக்கு வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நான் மட்டும் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்தேன். பத்துப் பெயர் அடித்தேன். பக்கத்துப் பத்தியில் ஒருவனுக்கு மட்டும் "3 வேண்டாம்" என்று போட்டேன். பிறகு மார்ச் மாதம் உனக்கு நான் எழுதியது நினைவில் இருந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் செய்தேன். பெயர்ப் பத்தியை மட்டும் இழுத்தேன். வரிசைப்படுத்து. சரி.

பெயர்கள் நகர்ந்தன. "3 வேண்டாம்" நகரவில்லை. நின்ற இடத்திலேயே, வேறு யாருடைய பெயருக்கோ பக்கத்தில் இருந்தது. பெட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கும் நாளில் நான் முதலில் சொல்வதே அதுதான். எல்லாப் பத்தியையும் சேர்த்துக் கறுப்பாக்கு, இல்லாவிட்டால் ஒருவன் தலையை இன்னொருவன் உடம்பில் வைத்துவிடுவாய் என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். உனக்கு எழுதியதில் அதை எழுதினேனா அண்ணா? எழுதியதாக நினைவில்லை. பேட்ச் வாசலில் நின்றது, வாலுவுக்குக் காய்ச்சல். எழுதினேனா?

மார்ச் 4 கடிதத்தை எனக்கு அனுப்பு. நான் அதைப் பார்க்க வேண்டும்.

தங்கை

*

ஜூலை 11

அன்புள்ள தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணி கொஞ்சம் மிகைப்படுத்தி எழுதியிருப்பாள். வாலுவின் பள்ளிக்கூடம் திறந்துவிட்டதா?

நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நடந்ததைச் சொல்கிறேன். உன் மார்ச் 4 கடிதம் நான் உன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் எனக்குக் கிடைத்தது. எங்கள் தெருத் தபால்காரருக்கு உடம்பு சரியில்லை, புது ஆள் தபாலை எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டான். 12ஆம் தேதி நெருங்கியதால் நானே நோண்டி, நானே வரிசைப்படுத்தினேன். உன் இன்ஸ்டிட்யூட்டிலும் அப்படித்தானே சொன்னேன்? உன் கடிதத்தில் எல்லாப் பத்தியையும் சேர்த்துக் கறுப்பாக்கு என்று தெளிவாக எழுதியிருந்தாய். அடிக்கோடுகூடப் போட்டிருந்தாய். அந்தக் கடிதம் இப்போது கையில் இல்லை. மேஜை மாறியபோது எங்கோ போய்விட்டது.

பெயர்களை விரல் வைத்துச் சரி பார்த்தவன் பக்கத்துப் பத்தியைப் பார்க்கவில்லை. என் தப்பு அதுதான். அது உன் தப்பு ஆகாது. மறுநாள் புதன்கிழமை நானே ஆளைப் பிரித்து விட்டேன், ஆனால் பழக்கத்தில் தலையிலிருந்து பிரித்து விட்டேன், பேப்பரைத் திரும்பியும் பார்க்கவில்லை. வியாழக்கிழமை அந்த அம்மாளைத் தூசியில் போட்டிருக்கிறார்கள். மூட்டு வலிக்காரர் ஈரத்தில் நின்றிருக்கிறார். புது முறையில் எல்லோரும் எல்லா இடத்துக்கும் போக வேண்டும்போல என்று பேசாமல் நின்றிருக்கிறார்கள்.

விசிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் அவனிடம், "மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா" என்று கேட்டேன். "ஏன்னு கேட்டா என்னண்ணே சொல்றது? அதோட அது நீங்க போட்ட பேப்பர். நீங்க யோசிச்சுத்தான் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றான்.

அதற்குப் பிறகு என் பதினெட்டு வருஷ வேலையும் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லியாயிற்று. இதோடு விடு.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

அண்ணன்

*

ஆகஸ்ட் 2

என் அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீ எழுதியதை எத்தனையோ தடவை படித்துவிட்டேன்.

அப்பாவின் மூக்குக் கண்ணாடியை நான் மிதித்து உடைத்தபோது எனக்கு ஐந்து வயசு, உனக்குப் பதினொன்று. "பூனை தள்ளிவிட்டுச்சு" என்றாய். நம் வீட்டில் பூனையே கிடையாது. அப்பா உன்னை அடித்தார். அடி வாங்கிக்கொண்டே பூனையின் நிறம்கூடச் சொன்னாய். இப்போது புதுத் தபால்காரர், அடிக்கோடு.

உன் கடிதங்களை நான் தேதி வரிசையில் வைத்திருக்கிறேன். மார்ச் 10 என்று ஒன்று இருக்கிறது. நீ இங்கிருந்து கிளம்பிப் போய் இரண்டு நாள் கழித்து வந்தது. அதை எழுதியதே உனக்கு மறந்திருக்கும். "உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இன்று மத்தியானம் நீ சொன்னபடியே, ஒரு வார்த்தை பிசகாமல் செய்தேன்." எனக்கு இப்போது அது மனப்பாடம். வந்த அன்று அதைப் படித்துவிட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? இவரிடமும் படித்துக் காட்டினேன்.

நான் உன்னோடு சண்டை போடவில்லை. உன் பூனையை நான் திருப்பிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். தலையில் இருப்பதை எல்லாம் இறக்கி வை என்று சொன்னவளும் நான்தான். இறக்கி வைத்ததை அரைப் பக்கத்தில் கலைத்தவளும் நான்தான். நீ விரல் வைத்துப் பார்த்தாய். நான் எழுதியதைத் திரும்பப் படிக்கக்கூட இல்லை. அந்தக் காலை பத்தரைக்கு என் வகுப்பே கை தட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக என்னால் கரும்பலகை பக்கம் திரும்ப முடியவில்லை, பிள்ளைகளைத் தாங்களாகவே செய்யச் சொல்லிவிட்டு ஜன்னல் ஓரம் நிற்கிறேன்.

29ஆம் தேதி சனிக்கிழமை வண்டியில் வருகிறேன், தனியாக. ஞாயிறு நீ அவர் வீட்டுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போ. நான் யார் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். வேண்டாம் என்று எழுதாதே, எழுதினாலும் வருவேன்.

அண்ணிக்கு என் வணக்கம்.

தங்கை

*

ஆகஸ்ட் 18

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். உன் சுகத்தை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

வேண்டாம் என்றுதான் முதலில் எழுதினேன், கிழித்துவிட்டேன். இரண்டாவதாக, அந்த மார்ச் 10 கடிதத்தை எரித்துவிடு என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். ஒருத்தனை மன்னிக்கவே அவனுக்கு இவ்வளவு நாள் ஆகிறது, இரண்டு பேராகப் போய் நின்றால் பாவம் என்ன செய்வான் என்று யோசனை. ஆனால் நீ வராமல் இருக்க மாட்டாய்.

வண்டி மாலை ஆறு பத்துக்கு வரும். பாலத்துப் பக்க வாசலில் நிற்கிறேன். பெட்டியை நீ தூக்காதே.

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை அவனிடம் சொன்னேன், என் தங்கை வருகிறாள் என்று. எதற்கு என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறவள் என்று மட்டும் சொன்னேன். அவன் துண்டை மடித்துக்கொண்டிருந்தான், இடது கையாலும் தாடையாலும். இப்போதெல்லாம் பாட்டு வருவதில்லை. மடித்து முடித்து, மற்றத் துண்டுகளின் மேல் வைத்தான். பிறகு கேட்டான்:

"அண்ணே, அதை ஒரு கையால கத்துக்க முடியுமான்னு உங்க தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ வந்து சொல்.

அண்ணன்